வெளுக்காத சாயம்

"அவனுடைய சாயம் வெளுத்துவிட்டது!" என்று நம்மவர் கூறக் கேட்டிருக்கிறோம். பொய்வேடம் போட்டுத் திரிந்தவன் அகப்பட்டுக்கொண்டால், பூசிய பூச்சு போய் உள்ளிருந்த உருவம் தெரிந்துவிட்டால், அந்தச் சொல் பிறக்கும். சாயம் என்றால் மறைப்பு, சாயம் என்றால் நடிப்பு என்று நாவு பழகிவிட்டது. ஆனால், தோழர்களே, உண்மையை மறைப்பதற்காக அல்ல, மறைந்து கிடந்த உண்மையை வெளிக்காட்டுவதற்காகவே பூசப்பட்ட சாயம் ஒன்று உண்டு. அமிலம் ஊற்றியும் அது வெளுக்கவில்லை. அது வெளுக்காது நின்ற காரணத்தால், நெடுங்காலம் மக்களை ஆட்டிவைத்த மருட்சியின் சாயம் வெளுத்தது! அந்தச் சாயத்தின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டு. ஐரோப்பாவிலே ஆலைகள் எழும்புகின்றன, புகைவண்டி ஓடுகிறது, தந்தி பேசுகிறது. செல்வம் குவிகிறது ஒருபுறம். மறுபுறம், காற்றும் ஒளியும் புகாத குடில்களிலே நெருக்கியடித்துக்கொண்டு வாழும் தொழிலாளர் குடும்பங்கள், இருமி இருமி, இரத்தம் கக்கி, எலும்பும் தோலுமாகி மடிகின்றன. எலும்புருக்கி நோய்! காசநோய் என்று இன்று நாம் குறிப்பிடுவது அதுவே. மனிதருள் ஏழில் ஒருவரை அது கொண்டுபோகிறது என்று 1882-ஆம் ஆண்டில் கணக்குச் சொல்லப்பட்டது. போரிலே மாண்டவர் தொகையும் கொள்ளை நோயிலே மாண்டவர் தொகையும் அதன்முன் சிறுத்துப்போயின.

இந்நோய் எதனால் வருகிறது? அன்று எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்திலே என்ன முளைக்கும் என்பதுதான் உமக்குத் தெரியுமே! பரம்பரைச் சாபம் என்றனர் சிலர். மெலிந்த உடலும் மென்மையான உள்ளமும் படைத்தவர்க்கு இயற்கை அளித்த முடிவு என்று அழகு பேசினர் சிலர். கெட்ட காற்று என்றனர் வேறு சிலர். இவற்றையெல்லாம் விடக் கொடிய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவிலே, ரோட் ஐலண்ட் மாநிலத்திலே, எக்சிட்டர் என்றொரு சிற்றூர். அங்கே பிரவுன் என்ற உழவரின் மனைவி இந்நோயால் இறந்தார். பிறகு மூத்த மகள். பிறகு, 1892 ஜனவரியில், 19 வயதான மெர்சி என்ற மகள். மகன் எட்வின் படுக்கையில் கிடந்தான். ஊரார் கூடினர். இறந்தவர்களில் ஒருவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, உயிரோடிருப்பவனின் இரத்தத்தைக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினர்! மார்ச்சு 17-ஆம் நாள் கல்லறைகள் திறக்கப்பட்டன. கடுங்குளிரிலே இரண்டு மாதம் கெடாதிருந்த மெர்சியின் உடலைக் கண்டனர், இவள்தான் என்றனர், இதயத்தையும் ஈரலையும் எடுத்து எரித்தனர், அந்தச் சாம்பலை நீரிலே கரைத்து, நோயுற்ற எட்வினுக்கு மருந்தென்று கொடுத்தனர். இரண்டே மாதத்தில் எட்வினும் இறந்தான்.

காட்டுமிராண்டிக் காலத்துக் கதையன்று இது. தொலைபேசி வந்த பிறகு, மின்விளக்கு எரியத் தொடங்கிய பிறகு, வெள்ளைத் தோலர் நாட்டிலே நடந்தது. அதைவிடப் பெரிய கொடுமை என்ன தெரியுமா? அந்தச் சாம்பல் கரைக்கப்படுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே, நோயின் காரணம் பெர்லின் நகரத்திலே கண்ணாடிச் சில்லின்மீது காட்டப்பட்டுவிட்டது! அறிவு பிறந்த நாள் வேறு, அது ஊருக்கு வந்து சேரும் நாள் வேறு. அந்த இடைவெளியிலே எத்தனை எட்வின்கள்!

பெர்லினிலே காட்டப்பட்டது எப்படி என்பதைக் காண்போம்.

கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் உண்டு என்பது புதிய செய்தியன்று. ஹாலந்து நாட்டிலே துணி வாணிபம் செய்துவந்த லீவன்ஹூக், தாமே தீட்டிய கண்ணாடி வில்லைகளின் துணைகொண்டு, 1670-களிலேயே அவற்றைக் கண்டு எழுதியிருந்தார். அப்படியானால் நோய்க்கிருமியைக் காண இருநூறு ஆண்டுகள் ஏன் பிடித்தன? உருப்பெருக்கி இருந்தால் போதாதா?

போதாது! எண்ணிப் பாருங்கள். தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளைக்குள் கண்ணாடித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் தேடினால் கண்ணுக்கு அகப்படுமா? உயிரணுவும் கிருமியும் அத்தகையன. பெரும்பாலும் நீரே நிரம்பியவை, நிறமற்றவை, ஒளியைத் தடுக்காமல் தம்மூடே போகவிடுபவை. அவற்றை ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் என்ன தெரியும்? ஆயிரம் மடங்கு பெரிதான வெறுமை தெரியும்! அளவைப் பெருக்கினால் மட்டும் ஒரு பொருள் புலனாவதில்லை. சுற்றியிருப்பதிலிருந்து அது வேறுபட்டுத் தெரியவேண்டும். அந்த வேறுபாட்டைத் தருவது நிறம்.

இதை உணர்ந்தவர்கள் இயற்கைச் சாயங்களை நாடினர். லீவன்ஹூக்கே தசைநாரைக் காணக் குங்குமப்பூவின் நிறத்தைக் கையாண்டார். மெக்சிகோவின் கள்ளிச் செடிகளில் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி எடுக்கும் செஞ்சாயம் கார்மைன். 1858-இல் கெர்லாக் என்ற ஜெர்மானிய அறிஞர், அச்சாயத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து, மூளைத் திசுவின் மெல்லிய சீவலை அதிலே ஊறவைத்தபோது, நரம்பணுக்கள் தனித்துச் சிவந்து எழுந்தன. நடு அமெரிக்க மரமொன்றின் கட்டையிலிருந்து கிடைத்தது ஹீமடாக்சிலின். அது தனியே பற்றாது. படிகாரம் சேர்த்தால் பற்றும். சோழமண்டலக் கரையிலே சாயவேர் கொண்டு துணியைச் சிவப்பாக்கிய நம் சாயத் தொழிலாளருக்குப் படிகாரத்தின் இந்தப் பண்பு பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த ஒன்று. நூலுக்கும் நிறத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைக்கும் பாலம் அது. துணிக்குப் பொருந்திய நெறியே திசுவுக்கும் பொருந்திற்று!

ஆனால், இயற்கைச் சாயங்கள் சில. அவற்றின் போக்கும் சில. ஒன்றுக்குப் பற்றி மற்றொன்றுக்குப் பற்றாத, நுட்பமாகத் தேர்ந்தெடுக்கும் சாயங்கள் வேண்டியிருந்தன. அவை எங்கிருந்து வந்தன? தோட்டத்திலிருந்து அல்ல, குப்பையிலிருந்து!

இலண்டன் மாநகரின் தெருவிளக்குகள் அன்று நிலக்கரி வாயுவால் எரிந்தன. வாயுவை எடுத்தபின் எஞ்சிய கருமையான, நாற்றம் மிகுந்த, கையில் ஒட்டினால் போகாத தார், கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தத் தாரிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய பொருள்களுள் ஒன்று அனிலின். அவுரிச் சாயத்தைக் காய்ச்சி வடித்தபோது முதன்முதலில் கிடைத்த பொருளாதலின், அவுரியைக் குறிக்கும் அனில் என்ற சொல்லால் அது பெயர் பெற்றது. நம் நாட்டு 'நீலம்' தான் அரபு வழியாக மேனாடு சென்று 'அனில்' ஆயிற்று. சரக்கோடு சொல்லும் கப்பலேறிய கதை அது.

1856-ஆம் ஆண்டு, ஈஸ்டர் விடுமுறை. வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது மாணவன், கீழை இலண்டனிலே தன் வீட்டில் அமைத்துக்கொண்ட சிறிய ஆய்வறையில் வேலை செய்துகொண்டிருந்தான். சாயம் தேடினானா? இல்லை! மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாக ஆக்கிக் காட்டவேண்டும் என்று முயன்றான். கொயினா மரப்பட்டையிலிருந்து மட்டுமே கிடைத்த காலம். வெள்ளையரின் பேரரசு வெப்ப நாடுகளிலே காய்ச்சலோடு போராடிய காலம். ஹாஃப்மன் என்ற பேராசிரியர் இது ஆகக்கூடும் என்று கோடிட்டுக் காட்டியிருந்தார். பெர்க்கினுக்குக் கொயினா கிடைக்கவில்லை. கருமையான ஒரு கசடு கிடைத்தது. வேறொருவனாயின் வீசியெறிந்திருப்பான். அவன் அதைச் சாராயத்தில் கரைத்தான். கண்ணைப் பறிக்கும் ஊதா நிறம்! பட்டுத் துணியைத் தோய்த்தான், பற்றியது, சோப்பிட்டும் வெயிலில் போட்டும் பார்த்தான், போகவில்லை. அவ்வாண்டே உரிமம் பெற்றான். மறு ஆண்டே இலண்டனை அடுத்த கிரீன்ஃபோர்டில் ஆலை எழுந்தது. 1858-இல் விக்டோரியா அரசியாரே தம் மகளின் திருமணத்துக்கு அந்த ஊதா நிற உடையில் வந்தார்.

ஊதாவைத் தொடர்ந்து வண்ணங்கள் வரிசை வகுத்து வந்தன. 1859-இல் பிரான்சின் லியோன் நகரிலே செந்நிற ஃபுக்சின். 1861-இல் மெதில் வயலட். 1870-களில் ஈயோசின், கிரேக்க மொழியில் 'ஈயோஸ்' என்றால் விடியல், அந்த நிறமும் விடியற்காலை வானத்தின் நிறமே. 1876-இல் ஜெர்மானியச் சாய ஆலையொன்றில் ஹைன்ரிக் காரோ ஆக்கிய மெதிலீன் நீலம். ஆலை முதலாளிகளின் நோக்கம் ஆடை விற்பது, நோய் தீர்ப்பதன்று.

வண்ணத்தின் பளபளப்பிலே மயங்கி இத்தொழிலின் கறையை மறைத்தல் பகுத்தறிவாளருக்கு ஆகாது. 1895-இல் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாயம் ஆக்கும் தொழிலாளர் சிலருக்குச் சிறுநீர்ப்பையிலே புற்று வளர்வதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை அவுரி கடைத்தெருவுக்கு வந்தபின், வங்கத்திலும் பீகாரிலும் அவுரி வாணிபம் சரிந்தது. சரிவின் சுமையைத் தோட்ட முதலாளிகள் தாங்கவில்லை, உழவர் தலையில் இறக்கினர். அறிவியல் தரும் பொருள் யார் கையில் இருக்கிறது, யார் தோளில் ஏறுகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் நாம் கேட்டாக வேண்டும்.

ஆடைக்கென வந்த அந்த வண்ணங்களை ஆய்வுக்கெனக் கேட்டு வாங்கியவர்கள் ஜெர்மனியின் இளம் மருத்துவர்கள். அவர்களுள் ஒருவர் கார்ல் வைகெர்ட். 1875-இல் அவர் மெதில் வயலட் கொண்டு, திசுவுக்குள் பதுங்கியிருந்த நுண்கிருமிகளைத் தனித்துக் காட்டினார். மற்றொருவர் அவருடைய உறவினர், வயதில் இளையவர்: பால் எர்லிக்.

எர்லிக் 1854-இல் சைலீசியாவிலே பிறந்தவர். மாணவராயிருந்தபோது வகுப்பைவிடச் சாயப் புட்டிகளையே அதிகம் நாடியவர். கைவிரல்களிலே எப்போதும் நிறங்கள். ஆய்வுக்கூடத்தைக் காண வந்த இராபர்ட் கோக்குக்கு அவரைச் சுட்டிக்காட்டி, சாயமேற்றுவதிலே பையன் கெட்டிக்காரன், ஆனால் தேர்விலே தேறமாட்டான் என்று ஒருவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது. பள்ளியிலே பாடம் சொல்லும் என் போன்றோர் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்! தேறமாட்டான் எனப்பட்டவர் 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிப் பொருள் வேறெதுவுமில்லை, திசுக்களுக்குச் சாயமேற்றும் கலைதான்.

பிறர் சாயத்தைப் பூசினர்; எர்லிக் 'ஏன் பற்றுகிறது?' என்று கேட்டார். பற்றுவது விந்தையன்று, வேதியியல் என்றார். காரத் தன்மை கொண்ட சாயங்கள் உயிரணுவின் கருவை நாடுகின்றன. அமிலத் தன்மை கொண்டவை கருவைச் சூழ்ந்த பகுதியை நாடுகின்றன. கருவிலுள்ள அமிலப் பொருள் எதிர்மின் ஏற்றம் உடையது. காரச் சாயம் நேர்மின் ஏற்றம் உடையது. ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று இன்று நாம் விளக்குகிறோம். குருதியின் வெள்ளணுக்கள் எல்லாம் ஒன்றே என எண்ணியிருந்த உலகுக்கு, ஈயோசினை விரும்பிக் குடிக்கும் அணு ஒன்று, குடிக்காதது வேறொன்று என்று 1879-இல் பிரித்துக் காட்டினார். இன்று இரத்தச் சோதனைத் தாளிலே 'ஈயோசினோஃபில்' என்று அச்சாகி வருகிறதே, அந்தப் பெயர் பிறந்த இடம் அதுதான்.

1882 மார்ச்சு 24. பெர்லின் உடலியல் கழகத்தின் கூட்டம். இராபர்ட் கோக் எழுந்து பேசுகிறார். எலும்புருக்கி நோய்க்குக் காரணம் சாபமன்று, காற்றின் சீற்றமன்று, ஒரு கிருமி என்கிறார். சொல்லோடு நிற்கவில்லை, உருப்பெருக்கிகளை வரிசையாக வைத்து, வாருங்கள், பாருங்கள் என்கிறார்! மெதிலீன் நீலக் கரைசலிலே சிறிது காரம் சேர்த்து, நோயுற்ற திசுவை ஒரு நாள் முழுதும் அதிலே ஊறவைத்து, பிறகு பழுப்புச் சாயம் ஒன்றை ஏற்றியிருந்தார். சுற்றிலும் எல்லாம் பழுப்பு. நடுவிலே நீல நிறக் கோல்கள், மெல்லியவை, சற்றே வளைந்தவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு முதல் நான்கு கூறு நீளமே அவற்றின் நீளம். ஏழில் ஒருவரைக் கொன்ற கொற்றவன் அவ்வளவே! கிருமியைத் தனியே வளர்த்து, விலங்குகளுக்கு ஏற்றி, அதே நோய் வருவதையும் அவர் மெய்ப்பித்திருந்தார். நம்புங்கள் என்று சொல்லவில்லை; சோதித்துப் பாருங்கள் என்றார்.

கூட்டத்திலே எர்லிக்கும் இருந்தார். சாயம் அறிந்த அவருக்கு, இதைவிடச் சிறந்த வழி உண்டு என்று தோன்றிற்று. சில வாரங்களிலேயே கண்டுபிடித்தும் விட்டார். அனிலின் எண்ணெய் கலந்த சாயத்தை ஏற்றிய பின்னர், வலிய அமிலத்தை ஊற்றினார். திசுவின் சாயம் வெளுத்தது. வேறு கிருமிகளின் சாயமும் வெளுத்தது. காசநோய்க் கிருமியின் சாயம் மட்டும் வெளுக்கவில்லை! அதே ஆண்டில் சீல் என்பவர் அனிலினுக்கு மாற்றாகக் கார்பாலிக் அமிலத்தைச் சேர்த்தார். அடுத்த ஆண்டில் நீல்சன் அதை ஃபுக்சினோடு இணைத்து முறைப்படுத்தினார். சீல்-நீல்சன் முறை என்று இன்றும் அது வழங்குகிறது.

ஏன் வெளுக்கவில்லை? அக்கிருமியின் மேற்சுவர் மெழுகு போன்ற பொருளால் ஆனது. சாயம் எளிதில் உள்ளே புகாது. கார்பாலிக் அமிலத்தின் துணையும் வெப்பமும் தந்தால்தான் புகும். புகுந்தபின், அதே மெழுகுச் சுவர் அமிலத்தை உள்ளே விடாது. தன்னைக் காத்துக்கொள்ளக் கிருமி கட்டிய கோட்டையே அதைக் காட்டிக்கொடுத்தது. நோயாளி உமிழ்ந்த சளியைக் கண்ணாடிச் சில்லிலே தடவி, செஞ்சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் பூசிப் பார்த்தால், நீல வெளியிலே செந்நிறக் கோல்கள். மருத்துவனுக்கு மந்திரம் வேண்டா. நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டா. நோய் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாடிச் சில்லிலே கண்ணால் காணலாம்.

அந்தச் சாயம் தன்னை ஆக்கியவரையும் விட்டுவைக்கவில்லை. சில ஆண்டுகளிலே எர்லிக் நலிவுற்று இருமத் தொடங்கினார். தம் சளியைத் தாமே சோதித்தார். செந்நிறக் கோல்கள்! பதறவில்லை, பரிகாரம் தேடவில்லை. 1888-இல் எகிப்து நாடு சென்று, வறண்ட காற்றும் ஓய்வும் பெற்றுத் திரும்பிப் பணியைத் தொடர்ந்தார்.

1884-இல் பெர்லின் நகர மருத்துவமனையின் பிண அறையிலே பணியாற்றிய டென்மார்க்கு இளைஞர் ஹான்ஸ் கிரிஸ்டியன் கிராம், நுரையீரல் அழற்சியால் இறந்தோரின் திசுக்களை ஆய்ந்தார். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் ஊற்றி, சாராயத்தால் கழுவினார். சில கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொண்டன, சில விட்டுவிட்டன. தம் முறை குறையுடையது என்பதை அறிந்தே வெளியிடுவதாகவும், பிறர் கையில் பயன்படக்கூடும் என்று நம்புவதாகவும் அவர் அடக்கத்தோடு எழுதினார். அந்தக் 'குறையுள்ள' முறைதான் நுண்கிருமி உலகத்தையே இரு பெரும் பிரிவாகப் பிரித்தது. கிருமிச் சுவரின் கட்டுமானமே அவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனப் பின்னர் விளங்கிற்று. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று தேர்ந்தெடுக்க இன்றும் கிராம் சாயமே முதற்படி. எமக்கு எல்லாம் தெரியும் என்று முழங்கியோர் எத்தனை பேர்! 'குறையுண்டு, திருத்துங்கள்' என்றவரின் பணியன்றோ நிலைத்தது!

சாயம் நோயை மட்டும் காட்டவில்லை. வால்தர் ஃபிளெமிங் என்ற அறிஞர், நீர்ப்பல்லியினத்துக் குஞ்சுகளின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றி, ஒரு கரு இரண்டாகப் பிரியும் காட்சியைப் படிப்படியாகக் கண்டு 1882-இல் நூலாக்கினார். சாயத்தை விரும்பிக் குடித்த இழைகளுக்கு 1888-இல் வால்டெயர் என்பவர் 'குரோமோசோம்' என்று பெயரிட்டார். அச்சொல்லின் பொருள் நிறமேறிய உடல் என்பதே. மனிதனுக்கு அவை 46 என்று 1956-இல் உறுதியாயிற்று. மாளிகையில் பிறந்தவனுக்கும் 46. குடிசையில் பிறந்தவனுக்கும் 46. தலையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்ற அடையாளத்தை எந்தச் சாயமும் இதுவரை காட்டியதில்லை!

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றிலே இடமுண்டு. ரோமனோவ்ஸ்கி என்ற உருசிய மருத்துவர் 1891-இல் மெதிலீன் நீலத்தையும் ஈயோசினையும் கலந்து, மலேரியாக் கிருமியின் கருவை ஊதாச் செம்மையாகக் காட்டும் வழி கண்டார். அவ்வழியைத் திருத்தியவர்களுள் ஒருவர் லீஷ்மன். கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலே காய்ச்சல் கண்டு இங்கிலாந்திலே மாண்ட படைவீரன் ஒருவனின் மண்ணீரலிலே புதுவகை உருவங்களை அச்சாயத்தால் கண்டு, 1903 மே மாதம் அவர் எழுதினார். அவ்வேளையில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையிலே பணியாற்றிய சார்லஸ் டோனவனும் அதே உருவங்களைக் கண்டிருந்தார். இறந்தவரின் உடலில் மட்டுமல்ல, 1903 சூன் 17-ஆம் நாள், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரல் குருதியிலும் அவற்றைக் கண்டு, இது வாழும் நோயாளியிடமே உள்ள கிருமி என நிலைநாட்டினார். கருங்காய்ச்சல் என்னும் காலா ஆசார் நோயின் காரணம் அவ்வாறு வெளியாயிற்று. கிருமிக்கு இருவர் பெயரும் சூட்டப்பட்டன. 'லீஷ்மானியா டோனவானி' என்று உலக மருத்துவ நூல்கள் எழுதும்போதெல்லாம் சென்னை மருத்துவமனையின் சாயமேறிய கண்ணாடிச் சில்லும் நினைவுகூரப்படுகிறது.

இனி, எர்லிக்கின் உள்ளத்திலே எழுந்த பெரிய கேள்விக்கு வருவோம். ஒரு சாயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பற்றுமானால், ஒரு நஞ்சும் மனிதனை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பற்றாதா? காட்டிக்கொடுக்கும் கருவியே கொல்லும் கருவி ஆகாதா? 1891-இல் அவரும் குட்மன் என்பவரும் மலேரியா நோயாளர் இருவருக்கு மெதிலீன் நீலத்தையே மருந்தாகக் கொடுத்தனர். இருவரும் நலம் பெற்றனர். கொயினாவை வெல்லும் ஆற்றல் அதற்கில்லை. ஆயினும் அந்த நீலத்தின் அமைப்பைப் பிடித்துக்கொண்டே பின்வந்த ஜெர்மானிய வேதியியலார் 1920-களிலும் 1930-களிலும் செயற்கை மலேரியா மருந்துகளை ஆக்கினர். என்னே வரலாற்றின் போக்கு! மலேரியாவுக்கு மருந்து தேடிய பெர்க்கினுக்குச் சாயம் கிடைத்தது. அந்தச் சாய வழியே நடந்தவர்க்கு மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது!

1909-இல் எர்லிக்கின் கூடத்திலே, ஜப்பானிய அறிஞர் ஹாட்டாவின் உழைப்பால், 606 என்று எண்ணிட்ட பொருள் மேகநோய்க் கிருமியைக் கொல்வது கண்டறியப்பட்டது. குறி தவறாது பாயும் இத்தகைய மருந்தை எர்லிக் 'மந்திரக் குண்டு' என்று அழைத்தார். பெயரிலேதான் மந்திரம்! ஆக்கி, சோதித்து, தோற்று, திருத்தி, மீண்டும் ஆக்கியதால் வந்த குண்டு அது. 1932-இல் டோமாக், செந்நிறச் சாயம் ஒன்று எலிகளைக் கிருமிச் சாவிலிருந்து காப்பதைக் கண்டார். அதிலிருந்து சல்ஃபா மருந்துகள் பிறந்தன.

இத்தனை செய்தவருக்கு அவர் நாடு என்ன செய்தது? எர்லிக் யூதர். வைகெர்ட்டும் யூதர். வைகெர்ட்டுக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிட்டாது போனதற்கு அவருடைய பிறப்பும் ஒரு காரணமென்பர். எர்லிக் 1908-இல் நோபல் பரிசு பெற்று, 1915-இல் மறைந்தார். பிராங்ஃபர்ட் நகரிலே ஒரு தெரு அவர் பெயர் தாங்கி நின்றது. இட்லரின் ஆட்சி வந்தது. 1938-இல் அந்தப் பெயர்ப்பலகை அகற்றப்பட்டது. அவருடைய துணைவியார் முதுமையிலே நாடுவிட்டு நாடு போகவேண்டி வந்தது. கொடுங்கோலர் பெயரை அழித்தனர். ஆனால் அவர்களுடைய மருத்துவமனைகளிலேயே, அவர்களுடைய இரத்தத்தையே சோதிக்க, எர்லிக் வகுத்த வழியைத்தான் நாட வேண்டியிருந்தது! பிறப்பால் தாழ்ந்தவன் என்று யாரைத் தள்ளினரோ, அவர் அறிவின்றி அவர்கள் நோயறிய முடியவில்லை. போருக்குப் பின் தெருவின் பெயர் மீண்டது. வெளுத்தது அவருடைய சாயமன்று.

இது பழங்கதை, நமக்கென்ன என்று எண்ணுகிறீர்களா? 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். நோயுற்றோரில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் உள்ளனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். கிருமியின் மரபுப் பொருளையே தேடிப் பிடிக்கும் புதிய சோதனைகள் வந்துவிட்டன. ஆயினும் பல இடங்களிலே சாயமேற்றிய சளிச் சில்லு இன்றும் தன் பணியை விடவில்லை. மருந்தும் உண்டு. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு நலம் பெறலாம், நோயாளியை ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ள வேண்டியதில்லை என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்ததே நம் சென்னையின் காசநோய் ஆய்வு நிலையந்தான்!

அப்படியிருந்தும் மாள்வானேன்? வறுமை ஒரு காரணம். சத்தற்ற உணவும் நெருக்கமான குடிலும் காரணம். அவற்றோடு கைகோத்து நிற்பது வெட்கமும் அச்சமும். இருமலை மறைக்கும் தாய், பெண்ணுக்கு மணமாகாதே என்று நோயை மூடி வைக்கும் தந்தை, மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டு நாளைக் கழிக்கும் குடும்பம், இவர்கள் நம் தெருவிலும் உளர். இவர்களை எள்ளி நகையாடுவது எளிது. அது நம் பணியன்று. எட்வினுக்குச் சாம்பல் கரைத்துக் கொடுத்தவர்களும் அவனைக் கொல்ல எண்ணியவர்களல்லர், காக்க எண்ணியவர்களே! அன்பு இருந்தது, அறிவு வந்து சேரவில்லை. பெர்லினுக்கும் எக்சிட்டருக்கும் இடையே கிடந்த அந்தப் பத்தாண்டுத் தொலைவு, இன்று மருத்துவமனைக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே கிடக்கிறது.

அதைக் கடக்க வேண்டியவர்கள் நீங்கள், தோழர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவரைக் கண்டால், அருகே அமர்ந்து, அச்சம் நீக்கி, அரசு மருத்துவமனைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். மருந்தைப் பாதியில் நிறுத்தாது பார்த்துக்கொள்ளுங்கள். மேடையிலே நூறு முறை மூடநம்பிக்கையைச் சாடுவதைவிட, ஒருவரை அப்படி அழைத்துச் சென்று மீட்பது பெரிது. மீண்டவர் வீட்டிலே கயிறு தானாக அவிழும்.

கண்ணாடிச் சில்லிலே செந்நிறம் வெளுக்காது நிற்கட்டும். நம் வீடுகளிலே அச்சத்தின் சாயம் வெளுக்கட்டும்!